அடுக்ககத்தில் எலித் தொல்லை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

நான்கு மாடி, 16 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்திலிருந்து எலிகளை வெளியேற்ற ஏழு வாரம் பிடித்தது. அதற்கு முன் இரண்டு வருடம் மருந்தும் கூண்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் தென்சென்னையில் வேறு நான்கு கட்டடங்களில் அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தாரோடு சேர்ந்து இதே வேலையைச் செய்தேன். ஆர்வமாகத் தொடங்கியவர்கள் சறுக்கியது எங்கும் ஒரே இடத்தில்தான்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள். எலியைப் பார்த்த அன்றைக்கே மருந்து வாங்கினார்கள். ஓட்டையை அடைக்கக் கொத்தனாரைக் கூப்பிடவே இல்லை.

கீழே இருப்பது நாங்கள் செய்து பார்த்த வரிசை. தனி வீட்டுக்கும் இதே வரிசைதான், வேலை குறையும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

முதலில் ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். ஒரு வீட்டார் மட்டும் தங்கள் சமையலறையை அடைத்துக்கொண்டால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும், கட்டடத்தை விட்டுப் போகாது. குழாய்கள் இறங்கும் டக்ட், தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே கிணறுபோலத் திறந்து கிடக்கிறது. எலிக்கு அதுதான் மாடிப்படி.

அதனால் எல்லா வீட்டுச் சமையலறையையும் பரணையும் பார்க்க அனுமதி வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவியை உரிமையாளரிடம் முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் கடைசிவரை எலி தங்கியிருந்தது, எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பரணில்தான்.

வாங்க வேண்டிய சாமான்: 6 மி.மீ. சதுரக் கண் உள்ள ஜி.ஐ. கம்பிவலை, பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பர் இரண்டு மூன்று டஜன், ஒரு மூட்டை சிமெண்ட், மணல், கதவடியில் அடிக்க அலுமினியத் தகடு, ரப்பர் கையுறை, மாஸ்க், நல்ல டார்ச், சாக்பீஸ், பிளீச்சிங் பவுடர். பொறிகளும் வேண்டும், அவற்றைப் பற்றி ஆறாவது பகுதியில் சொல்கிறேன். செலவில் பெரும்பங்கு கொத்தனார் கூலிக்கும் கழிவுநீர்ச் சேம்பர் மூடிகளுக்கும் போகும். அதைச் சங்கத்தில் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பாதியில் வேலை நிற்காது.

காலமும் முக்கியம். ஐப்பசியில் மழை பிடித்து மண் வளைகளில் தண்ணீர் ஏறியதும் எலிகள் மேட்டைத் தேடிக் கட்டடத்துக்குள் வரும். ஆடியிலோ ஆவணியிலோ தொடங்கினால் சிமெண்ட் வேலை காய்ந்து, மழைக்கு முன்பே எல்லா வாயும் அடைபட்டிருக்கும்.

2. வந்திருப்பது எது என்று பாருங்கள்

எல்லாவற்றையும் எலி என்று ஒரே கணக்கில் வைத்தால் பொறியின் அளவும் தப்பும், வைக்கும் இடமும் தப்பும். புழுக்கையைப் பார்த்தால் போதும், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அரிசி மணியைவிடச் சிறியதாக, 3 முதல் 6 மி.மீ. நீளத்தில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. இது உங்கள் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டிலிருந்து சில மீட்டர் தூரத்தில்தான் குடியிருக்கும். பென்சில் நுழையும் சந்து அதற்குப் போதும்.

சுமார் 12 மி.மீ. நீளத்தில், இரண்டு முனையும் கூராக இருந்தால் வீட்டெலி. உடலைவிட வால் நீளம், காது பெரியது, ஏறுவதில் கெட்டிக்காரன். பரண், ஃபால்ஸ் சீலிங், மொட்டைமாடி, கேபிள் ஒயர் இவையெல்லாம் இதன் பாதை. சென்னையில் மேல்மாடிக்காரர்கள் இரவில் தலைக்கு மேல் ஓடும் சத்தம் கேட்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

தரையோரம் பெரிய வளை, வாயில் குவியலாகத் தோண்டிப் போட்ட மண், வீட்டெலியுடையதைவிடப் பெரிய புழுக்கை என்றால் பெருச்சாளி. இது மாடி ஏறாது. கட்டட அடித்தளத்தின் ஓரம், கழிவுநீர்ச் சேம்பர், குப்பைத்தொட்டி, லிஃப்ட் குழி, இவைதான் இதன் இடம். தோண்டித் தோண்டித் தளத்தின் அடியில் மண்ணை வெறுமையாக்கிவிடும். வண்டி நிறுத்தும் இடத்தில் டைல்ஸ் காரணமில்லாமல் உள்வாங்கினால் அடியில் பாருங்கள்.

நான்காவதாக மூஞ்சூறு. நீண்டு கூர்த்த மூக்கு, கீச்சென்ற சத்தம், தனி வாடை. இது எலி இனமே இல்லை. பூச்சியையும் கரப்பானையும் தின்று வாழ்வது. தானியமோ ஒயரோ கடிக்காது. இதற்காகப் பொறி வைத்து நாளை வீணாக்க வேண்டாம். கதவடிச் சந்தை அடைத்தால் தானாக வெளியே நின்றுவிடும்.

3. தடம் பார்த்துப் படம் போடுங்கள்

இந்த வேலையை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு மாலையும் மறுநாள் காலையும் இதற்கு ஒதுக்கினால் பின்னால் இரண்டு வாரம் மிச்சமாகும்.

ஒரு தாளில் ஒவ்வொரு தளத்தையும் கோட்டுப்படமாகப் போட்டுக்கொள்ளுங்கள். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாகவே நடங்கள். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும், அறையின் நடுவில் போகாது. அடிக்கடி போகும் பாதையில் அதன் உடம்பு எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்ந்து கறுப்புத் தேய்ப்பாகத் தெரியும். குழாய் வளைவுகளிலும் ஓட்டைகளின் விளிம்பிலும் இதைத் தேடுங்கள். புழுக்கை பளபளப்பாக, அழுத்தினால் நசுங்குவதாக இருந்தால் புதியது. சாம்பல் நிறத்தில் பொடிந்தால் பழையது. அழுத்திப் பார்க்கக் குச்சியைப் பயன்படுத்துங்கள், கையை வேண்டாம்.

சந்தேகமான இடங்களில் இரவு ஒரு முழ நீளத்துக்குக் கோலமாவைத் தூவிவிடுங்கள். கல்மாவுதான் வேண்டும். பச்சரிசி மாவைத் தூவினால் காலையில் மாவும் இருக்காது, தடமும் இருக்காது. கல்மாவில் கால் தடமும் வால் இழுத்த கோடும் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

ஓட்டைகளுக்கு வேறு சோதனை. பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் லேசாகச் செருகி, பக்கத்தில் சாக்பீஸால் எண் போடுங்கள். காலையில் எந்தத் தாள் கீழே விழுந்திருக்கிறதோ, கிழிந்திருக்கிறதோ, அந்த ஓட்டைதான் இன்று ஓடும் பாதை. மூன்று இரவு தாள் அப்படியே இருந்தால் அது செத்த பாதை. எங்கள் கட்டடத்தில் 61 ஓட்டைக்கு எண் போட்டோம். அவற்றில் உண்மையில் ஓட்டம் இருந்தது ஒன்பதில்தான். இரண்டு வருடமாக மருந்து வைத்த இடங்களில் ஒன்றுகூட அந்த ஒன்பதில் இல்லை.

4. சாப்பாட்டை நிறுத்துங்கள்

வயிறு நிறைந்த எலி பொறியில் வைத்த வடையைத் திரும்பிப் பார்க்காது. அதனால் பொறிக்கு முன் இது.

பெரிய விஷயம் குப்பை. இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பையில் குப்பை வைத்து, காலை ஏழு மணிக்குத் தூய்மைப் பணியாளர் எடுத்தால் நடுவில் ஒன்பது மணிநேரம் அது எலிக்கு விருந்து. காலையில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது மூடி இறுகும் வாளியில் வைக்கச் சொல்லுங்கள். தெருத்தொட்டி நிரம்பி வழிந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதியலாம். படம் எடுத்து வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மற்றவை யாரும் உணவு என்று நினைக்காதவை. பூஜையறை விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயும் திரியும், குளியலறைச் சோப்பு, நாய்க்கு இரவில் வைத்த தட்டு, புறாவுக்குத் தூவும் தானியம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைக்கும் சோறு. காக்கைக்கு வைப்பதை நிறுத்தச் சொல்லி யாரையும் வருத்த வேண்டாம். காலையில் ஓர் இலையிலோ தட்டிலோ வைத்து, ஒரு மணிநேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடச் சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

அரிசி, பருப்பு மூட்டைகள் டின்னுக்கோ கனமான மூடிபோட்ட டிரம்முக்கோ போகட்டும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவை எலி ஓர் இரவில் கடித்துத் திறந்துவிடும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்ப்பது அதன் இயல்பு.

பரணில் கட்டிப்போட்ட பழைய துணி, அட்டைப்பெட்டி, தெர்மாக்கோல் இவற்றை இறக்குங்கள். எலி அங்கே சாப்பிடாது, குட்டி போடும். சுமார் மூன்று வாரச் சினைக்காலம், ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகளுக்குக் குறையாது. ஒரு கூட்டை விட்டுவைத்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

5. வெளிச்சுவர் ஓட்டைகளை அடையுங்கள்

முழு வேலையில் பாதிக்கு மேல் இதுதான். பொறியையும் மருந்தையும் நம்பி இதை விட்டுவிட்ட கட்டடங்களில் மூன்று மாதத்தில் எலி திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கீழிருந்து மேலே போங்கள். எலி வருவதும் பெரும்பாலும் அப்படித்தான், கீழே அடைக்காமல் மேலே அடைத்தால் கொத்தனாருக்கு இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள்.

தரைமட்டம். ஒவ்வொரு கழிவுநீர்ச் சேம்பரையும் திறந்து பாருங்கள். மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள், மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் விரல் நுழைந்தால் சிமெண்ட் பூசுங்கள். சேம்பர் உள்சுவரில் செங்கல் பெயர்ந்து மண் தெரிந்தால் அங்கிருந்துதான் பெருச்சாளி வளை தோண்டியிருக்கும். தெருவில் உள்ள மேன்ஹோல் உங்கள் பொறுப்பல்ல, குடிநீர் வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கதவுகள். மின்மீட்டர் அறை, மோட்டார் அறை, மாடிப்படிக்குக் கீழே சாமான் போடும் அறை. மரக்கதவின் அடிமூலையைத்தான் எலி கொறிக்கும். கீழ்ப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு அலுமினியத் தகடு அடித்து, தரைக்கும் கதவுக்கும் இடைவெளி 6 மி.மீ.க்குக் குறையும்படி இறக்குங்கள். மீட்டர் பெட்டிக்குள் கை விட வேண்டாம். கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்க எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுச் செய்யட்டும்.

குழாய் நுழையும் ஓட்டைகள். சமையலறை சிங்க் குழாய், வாஷிங் மெஷின் குழாய், ஏ.சி.யின் செம்புக் குழாய். குழாய் 1 அங்குலம் என்றால் சுவரில் 3 அங்குலம் துளைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். எந்தக் கட்டடத்திலும் முதல் நாள் நாம் போய் நிற்கும் இடம் இதுதான்.

அடைக்கும் முறை இது. ஓட்டையின் உள்ளே இருக்கும் தூசியைச் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் பிடிக்காது. ஸ்டீல் ஸ்க்ரப்பரைப் பிரித்து இறுக்கமாகத் திணியுங்கள். அதற்கு மேல் சிமெண்ட் கலவை பூசுங்கள். ஈரச் சிமெண்டை எலி அன்றிரவே தோண்டிவிடும். அதனால் பூசியதன் மேல் ஒரு செங்கல்லையோ தகட்டையோ இரண்டு நாள் சாத்தி வையுங்கள். இதைச் செய்யாமல் மறுநாள் காலையில் மறுபடி பூசிய கொத்தனார்கள் நிறையப் பேர்.

அடைக்கப் பயன்படாதவையும் உண்டு. ஸ்ப்ரே ஃபோமை எலி ரொட்டிபோலக் கடித்துப் போகும். துணி அதற்குக் கூடுகட்டும் சாமான். கோழிவலையின் கண் பெரியது, சுண்டெலி தாராளமாக நுழையும். நைலான் கொசுவலை ஓர் இரவு தாங்கினால் அதிகம்.

காற்றும் தண்ணீரும் போகிற வழிகளை மட்டும் சிமெண்டால் மூடாதீர்கள். மழைநீர் வெளியேறும் வாய், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, டக்டின் ஜன்னல், கழிவுத்தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயின் வாய், இவற்றுக்குக் கம்பிவலை அடியுங்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் இது உயிர் பிரச்சினை. அங்கே காற்றுவழி அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கு வாடையும் கிடையாது.

குளியலறைத் தரை வடிகாலுக்குத் திருகி மூடும் எஃகு ஜல்லடை போடுங்கள். வெறுமனே எடுத்து வைக்கும் பிளாஸ்டிக் ஜல்லடையை எலி தலையால் முட்டித் தள்ளும்.

மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியின் மூடி, லிஃப்ட் மோட்டார் அறையின் கம்பி போகும் துவாரம், சூரியவெந்நீர்க் குழாய் இறங்கும் இடம். மாமரமோ முருங்கையோ சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் கிளைகளை ஒரு மீட்டருக்கு மேல் விலகும்படி வெட்டுங்கள். ஒரு மீட்டர் தூரத்தை வீட்டெலி தாவிவிடும். தென்னை கட்டடத்தோரம் நின்றால் தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் வழுக்கும் தகரத்தைச் சுற்றி அடிக்கலாம். பக்கத்துக் கட்டடத்திலிருந்து தொங்கி வரும் பழைய கேபிள் ஒயர்கள், இணைப்பு இல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் மாடிக்கு வந்த 14 ஒயர்களில் 8 வெறும் ஒயர். கேபிள்காரரைக் கூப்பிட்டு அவற்றை எடுக்கச் சொன்னோம்.

ஓடும் பாதையாகத் தெரிந்த ஓட்டைகளில் ஒன்றிரண்டை மட்டும் இப்போது அடைக்காமல் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடினால் உள்ளே அகப்பட்ட எலி வெறிகொண்டு ஒயரையும் கதவையும் கடிக்கும், இல்லாவிட்டால் சுவருக்குள் சாகும். விட்ட ஓட்டைக்குப் பக்கத்தில்தான் அடுத்த படியில் பொறி வைக்கப் போகிறோம்.

6. உள்ளே இருப்பவற்றைப் பிடியுங்கள்

ஒரு பொறி வாங்கி இன்று இந்த மூலை, நாளை அந்த மூலை என்று மாற்றுவதில் பயன் இல்லை. ஒரே இரவில் நிறைய வையுங்கள். நாங்கள் மரப்பலகையில் கம்பி வந்து அடிக்கும் பொறி 20, கம்பிக்கூண்டு 4 வைத்தோம். முதல் மூன்று இரவில் விழுந்ததுதான் அதிகம், அதற்குப் பிறகு எலி எச்சரிக்கையாகிவிடும்.

வீட்டெலியும் பெருச்சாளியும் புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் மூன்று இரவு பொறியை இழுத்து மாட்டாமல், உணவு மட்டும் வைத்துச் சும்மா விடுங்கள். பயமில்லாமல் தின்னப் பழகட்டும். நான்காவது இரவு எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டுங்கள். சுண்டெலி இதற்கு நேர்மாறு, புதியதைக் கண்டால் மோந்து பார்க்க வரும். அதற்கு முதல் இரவே மாட்டலாம்.

வைக்கும் விதம்: பலகைப் பொறியை, உணவு இருக்கும் முனை சுவரைத் தொடும்படி, சுவருக்குக் குறுக்காக வையுங்கள். சுவரோடு ஓடி வரும் எலி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதைக் கடக்க வேண்டும். கூண்டைச் சுவரோடு இணையாக, வாய் பாதையைப் பார்க்க வைத்து, மேலே ஒரு கோணிச்சாக்கைப் போடுங்கள். இருட்டான சந்து என்று நினைத்து நுழையும். சுண்டெலிக்கு 2 மீட்டருக்கு ஒன்று, வீட்டெலிக்கு 5 மீட்டருக்கு ஒன்று போதும். பெருச்சாளிக்குப் பெரிய கூண்டுதான், சின்னப் பொறியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

உணவாக மசால்வடை நன்றாகவே வேலை செய்கிறது, அன்று சுட்டதாக இருக்கும்வரை. இரண்டாம் நாள் பூஞ்சை பிடித்த வடையை எலி தொடாது. நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லும் கருவாடும் அதைவிட நாள் தாங்கும். எதுவானாலும் நூலால் கொக்கியில் கட்டுங்கள். கட்டாவிட்டால் லாவகமாக எடுத்துக்கொண்டு போய்விடும், அடுத்த முறை அந்த எலி பொறிப் பக்கமே வராது.

பசை அட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. எலி அதில் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது, பயத்தில் அந்த இடமெல்லாம் மூத்திரம் விடுகிறது. பல்லியும் அணிலும் குருவிக்குஞ்சும்கூட ஒட்டிக்கொள்கின்றன. கூண்டில் விழுந்ததைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்வதும் கொடுமை. அடுத்த தெருவில் விடுவதும் தீர்வல்ல. அங்கிருப்பவர்களுக்குத் தொல்லையை மாற்றிக் கொடுப்பது அது. பலகைப் பொறி நல்ல விசையோடு இருந்தால் நொடியில் முடிந்துவிடும், அதனால் அதையே அதிகம் வைக்கிறோம். குழந்தைகளும் பூனையும் நடமாடும் இடத்தில் மரப்பெட்டிக்குள் பொறியை வைத்து, இரு பக்கமும் எலி நுழையும் அளவு துளை போடுங்கள்.

தொடர்ந்து ஐந்து இரவு ஒன்றும் விழாமல், கோலமாவிலும் தடம் இல்லாவிட்டால், விட்டுவைத்த அந்த ஒன்றிரண்டு ஓட்டைகளில் மறுபடி தாள் செருகிப் பாருங்கள். மூன்று நாள் அசையாமல் இருந்தால் அவற்றையும் அடைத்துவிடலாம்.

7. வெளியே மண் வளைகள்

சாயங்காலம் எல்லா வளை வாயையும் மண்ணால் மூடி மிதித்துவிடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில்தான் குடியிருப்பு இருக்கிறது. வயலில் எலி பிடிப்பவர்கள் செய்வதும் இதுதான்.

குடியிருப்புள்ள வளைக்குப் பக்கத்தில் பெரிய கூண்டு வைத்துப் பிடியுங்கள். காலியான வளையை வெறும் மண்ணால் நிரப்பினால் அடுத்த பெருச்சாளி ஒரே இரவில் தோண்டிவிடும். ஜல்லியும் மண்ணும் கலந்து இடித்து நிரப்பி, சுவரோரம் ஒரு முழ ஆழத்துக்குக் கம்பிவலையை நிறுத்திப் புதைத்து, மேலே கான்கிரீட் பட்டை போடுங்கள்.

8. மருந்து

இவ்வளவும் செய்த பிறகும் வெளி வளைகளில் ஓட்டம் நிற்காவிட்டால் மட்டும் மருந்து, அதுவும் கட்டடத்துக்கு வெளியே மட்டும். வீட்டுக்குள் வைத்தால் செத்த எலி சுவருக்குள்ளோ ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ கிடந்து இரண்டு வாரம் நாறும், எங்கே என்று தேட டைல்ஸைப் பெயர்க்க வேண்டி வரும்.

பயன்படுத்தலாம் என்பது 0.005 சதவீத ப்ரோமடியோலோன் கேக். இரத்தம் உறையாமல் செய்து கொல்வது. தின்ற எலி சாக நான்கைந்து நாளாவது ஆகும். மறுநாளே எலி ஓடுகிறதே என்று பதறி வேறு மருந்துக்கு மாறுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கேக்கைப் பூட்டும் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தரையோடு பிணைத்து, எத்தனை வைத்தோம் எத்தனை மிச்சம் என்று எழுதி வையுங்கள். செத்த எலியைத் தினமும் தேடிப் புதையுங்கள். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் போகும்.

மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டைத் தொடவே தொடாதீர்கள். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, அப்படியும் யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மனிதர் வயிற்றில் போனால் முதல் நாள் வாந்திக்குப் பிறகு சரியாகிவிட்டதுபோலத் தோன்றும், ஈரல் கெடுவது அடுத்த நாட்களில் தெரியவரும். கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடும், அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடுபவை. அதற்கு முறிமருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலிமருந்தின் நெடியால் தூக்கத்திலிருந்த இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பூச்சிக்கட்டுப்பாட்டு ஆள் வந்தால் என்ன மருந்து, எவ்வளவு, எங்கே என்று எழுதி வாங்குங்கள். படுக்கையறையில் எந்தப் பொடியையும் தூவ விடாதீர்கள்.

யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த விஷம் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை. ப்ரோமடியோலோனுக்கு வைட்டமின் கே1 உண்டு, மற்றவற்றுக்கு அது உதவாது.

9. கழுவுதல்

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. காய்ந்த தூசி மூக்குக்குள் போகும். எலி மூத்திரத்திலிருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது, தோலில் சிறு கீறல் இருந்தால்கூடக் கிருமி நுழையும்.

ஜன்னலைத் திறந்து அரைமணிநேரம் காற்று விடுங்கள். கையுறை, மாஸ்க் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுங்கள். கழிப்பறை ஆசிட்டை இதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டையும் ஒரே நாளில்கூட அந்த அறையில் பயன்படுத்த வேண்டாம்.

வேலை செய்தவர்களில் யாருக்காவது ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், எலி மூத்திரம் உள்ள இடத்தில் வேலை செய்தேன் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். கொத்தனாருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அவர்களிடம்தான் யாரும் சொல்வதில்லை.

10. எலி கடித்துவிட்டுப் போனவை

எலி போன பிறகு இதைப் பார்க்காமல் விடாதீர்கள். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை முழு நீளத்துக்கும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906-ஐ அழையுங்கள். உள்ளே எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிறக் குழாயையே வாங்குங்கள், அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வாஷிங் மெஷினின் அடிப்பகுதி பல மாடல்களில் திறந்தே இருக்கும். அங்கே கம்பிவலை மாட்டலாம். ஃபிரிட்ஜின் பின்புறத்தையும் பாருங்கள். பரணில் போகும் ஒயர்களை எலக்ட்ரீஷியன் ஒருமுறை சோதிக்கட்டும், தோலுரிந்த ஒயர் தீப்பிடிக்கும். வாரக்கணக்கில் எடுக்காத காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள், அங்குள்ள ஒயர்க் கட்டு எலிக்குப் பிடித்த இடம்.

11. அதன் பிறகு

தொடர்ந்து 14 இரவு தடமும் புழுக்கையும் இல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அடைத்த ஓட்டைகளின் படத்தை மீட்டர் அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். புதிதாக ஏ.சி. மாட்டுபவர், இன்டர்நெட் ஒயர் இழுப்பவர், பிளம்பர் என யார் சுவரில் துளை போட்டாலும் அன்று மாலைக்குள் அடைக்க வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி, கொஞ்சம் சிமெண்டும் நாலு ஸ்க்ரப்பரும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். நாங்கள் முடித்த ஐந்து கட்டடங்களில் இரண்டில் எலி திரும்பியது, இரண்டு இடத்திலும் அது வந்தது புதிய ஏ.சி. துளை வழியாக.

மாதம் ஒருமுறை நாலைந்து இடத்தில் கோலமாவு தூவிப் பாருங்கள். புரட்டாசி முடிவதற்குள் சேம்பர் மூடிகளையும் மழைநீர் வாயில் அடித்த வலையையும் ஒருமுறை குனிந்து பார்த்து, துருப்பிடித்த வலையை மாற்றிவிடுங்கள். அதற்கு அரைநாள் போதும்.